பூட்டிய கோயிலின் சாவி யாரிடம்?

பௌர்ணமிக்குப் பௌர்ணமி அண்ணாமலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்க லட்சக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். கார்த்திகை தீபத்தன்று நகரத்தில் கால் வைக்க இடமிருக்காது. அந்தக் கூட்டம் 217 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறது, அஷ்டலிங்கங்களைக் கும்பிடுகிறது, விடிந்ததும் சென்னைக்கோ பெங்களூருக்கோ பேருந்து ஏறிவிடுகிறது. போகிற வழியில்தான் சேத்துப்பட்டும் போளூரும் ஆரணியும் வந்தவாசியும் செய்யாறும் செங்கமும் இருக்கின்றன. அந்த ஊர்களின் கிளைச் சாலைகளில் பல்லவர் குடைந்த பாறைகளும், சமணர் தவமிருந்த குகைகளும், விஜயநகரக் காலத்து மண்டபங்களும் நிற்கின்றன. அங்கே இறங்குகிறவர்கள் மிகக் குறைவு. இறங்கினாலும் பல இடங்களில் அவர்களை வரவேற்பது பூட்டுதான்.

இந்தச் சிறு கோயில்களைப் பார்க்க யார் போகிறார்கள், யார் திறந்துவிடுகிறார்கள், இவற்றைக் கெடுப்பது யார், காப்பது யார்? தமிழ்நாடு முழுவதற்கும் பொருந்துகிற கேள்விதான். ஆனாலும் திருவண்ணாமலை மாவட்டத்தை வைத்துக் கேட்டால் கூர்மை கூடும். மாநிலத்தின் பெருங்கூட்டங்களில் ஒன்று மாதந்தோறும் வந்து போகும் நகரம் ஒரு பக்கம், எண்ணெய்க்குக் காசில்லாத ஆயிரம் ஆண்டுக் கோயில்கள் மறு பக்கம். இரண்டும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன.

என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். தேசூருக்கு அருகில் சீயமங்கலம். ஏரிக்கரை ஊர். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கிராமத்துச் சிவன் கோயில்போலத்தான் தெரியும். பிற்கால மண்டபங்களைத் தாண்டி உள்ளே போனால் கட்டடம் முடிந்து பாறை தொடங்கும். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கருவறை அது. லளிதாங்குரன் என்ற தன் பட்டப் பெயரைச் சொல்லி, கோயிலுக்கு அவனிபாஜன பல்லவேசுவரம் என்று பெயரிட்டதாக அவனுடைய கல்வெட்டு அங்கேயே பேசுகிறது. ஊரார் சாமியைத் தூணாண்டார் என்கிறார்கள். முகப்புத் தூண் ஒன்றின் மேற்புறத்தில் ஆடும் சிவனின் சிறிய புடைப்புச் சிற்பம் உண்டு. தமிழகக் கல்லில் கிடைத்திருக்கும் நடராச வடிவங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்றாக அறிஞர்கள் அதைக் கருதுகிறார்கள். பின்னாளில் சோழர் வெண்கலத்தில் உலகப் புகழ் பெற்ற வடிவத்தின் முன்னோடி, இந்த ஏரிக்கரையில் ஒரு கை அகலத்தில் நிற்கிறது. தெரிந்தவர் கைகாட்டினால்தான் கண்ணில் படும்.

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகும் சாலையில் மாமண்டூர். பெரிய ஏரிக்குப் பக்கத்துப் பாறையில் நான்கு குடைவரைகள். எல்லாம் முடிக்கப்பட்டவை அல்ல. சிதைந்துபோன ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டில் மத்தவிலாசம், பகவதஜ்ஜுகம் என்ற நாடகங்களின் பெயர்கள் வருகின்றன. ஓர் அரசன் எழுதிய நகைச்சுவை நாடகத்துக்கு வயலோரப் பாறை சாட்சி சொல்வது உலகில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத காட்சி. பக்கத்தில் குரங்கணில்முட்டம், சம்பந்தர் பாடிய தலம். அங்கேயும் ஒரு பல்லவக் குடைவரை உண்டு. செய்யாற்றின் திருவோத்தூரும் சம்பந்தர் பாடியதே. ஆண்பனையைப் பெண்பனையாக்கிய கதை அந்த ஊருக்குரியது.

எனக்கு இந்த மாவட்டத்தில் மிகப் பிடித்த இரண்டு கல்வெட்டுகளும் சமண இடங்களில் இருக்கின்றன. ஒன்று வந்தவாசிப் பக்கம் வேடலில். முதலாம் ஆதித்த சோழன் காலம், ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. கனகவீரக் குரத்தியார் என்ற பெண் துறவிக்கு 500 மாணாக்கியர். அவர்களுக்கும் 400 பேர் கொண்ட இன்னொரு பெண் துறவியர் கூட்டத்துக்கும் ஏதோ பிணக்கு. ஊரார் தலையிட்டு, குரத்தியாரையும் அவர் மாணாக்கியரையும் தாங்கள் காத்து உணவிடுவதாக ஒப்புக்கொள்கிறார்கள். அந்த ஒப்பந்தம்தான் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. பெண்கள் நடத்திய ஒரு பெரிய கல்விக்கூடம் 1,100 ஆண்டுகளுக்கு முன்பு இந்த வறண்ட பாறைகளுக்கு நடுவே இயங்கியது; அதற்குச் சோறு போட்டது ஊர். நம் பாடநூல்களில் இந்தப் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று தேடிப் பார்க்கலாம்.

மற்றொன்று போளூருக்கு அருகில் திருமலை. 16 அடி நேமிநாதர் சிலையும், பிற்கால ஓவியங்களும், குந்தவை பெயரால் வழங்கும் ஜினாலயமும் உள்ள மலை. முதலாம் ராஜேந்திர சோழனின் 13-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. கங்கை வரை சென்ற அவனுடைய படையெடுப்பைப் பற்றி வரலாற்று ஆசிரியர்கள் எழுதும்போதெல்லாம் மேற்கோளாக நிற்பது இந்த மெய்க்கீர்த்தி. 1890-இல் ஹூல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே அது இடம்பெற்றது. இவ்வளவு வெற்றிகளையும் அடுக்கிவிட்டுக் கல்வெட்டு கடைசியில் சொல்ல வந்த செய்தி எது தெரியுமா? நன்னப்பயன் என்ற வணிகனின் மனைவி சாமுண்டப்பை என்பவள் கோயிலில் விளக்கெரியவும் அமுதுபடிக்கும் காசு கொடுத்தாள் என்பதுதான். ஒரு பெண் வைத்த விளக்குக்கு முன்னுரையாகப் பேரரசின் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது.

செங்கம் பக்கம் நடுகற்கள். பத்துப்பாட்டின் மலைபடுகடாமில் பாடப்பட்ட நன்னனின் நாடு அது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972-இல் இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ இந்தத் துறையில் ஒரு திருப்புமுனை. தண்டராம்பட்டுப் பகுதியின் எடுத்தனூர்க் கல்லில் எருமை மீட்டு இறந்த வீரனோடு அவனுடைய நாயும் நிற்கிறது. கள்ளனைக் கடித்துக் காவலிருந்த அந்த நாயின் பெயரையும் மகேந்திரவர்மன் காலத்தில் பொறித்து வைத்திருக்கிறார்கள். இந்தக் கற்களில் எவையெல்லாம் பிழைத்தன என்று கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். வேடியப்பன் என்று பெயரிட்டு ஊரார் பொங்கல் வைத்த கற்கள் நின்றன. யாரும் கும்பிடாத கற்கள் வரப்பிலும் துணி துவைக்கும் துறையிலும் காணாமல் போயின.

இவை தவிர நெடுங்குணத்தில் அமர்ந்த கோலத்து ராமர், தேவிகாபுரத்தில் பெரியநாயகி அம்மன், சம்புவராயர் தலைநகராயிருந்த படவேட்டின் கோயில் கூட்டம், சேத்துப்பட்டில் தாராஸ் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் பெயரோடு சேர்ந்து நிற்கும் லூர்து மாதா ஆலயம் என்று பட்டியல் நீளும். முழுப் பட்டியல் போடுவது இங்கே நோக்கமல்ல.

இதே கேள்வியை நூறாண்டுக்கு மேலாகக் கேட்டுப் பழகிய ஒரு நாடு இங்கிலாந்து. அங்கும் கிராமத்துக்கு ஒரு பழைய கோயில்; இங்கிலாந்துத் திருச்சபையிடம் மட்டும் சுமார் 16,000 ஆலயங்கள், அவற்றில் 12,000-க்கும் மேற்பட்டவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. ஞாயிறு வழிபாட்டுக்கு வருகிறவர்கள் பல ஊர்களில் விரல் விட்டு எண்ணத் தக்கவர்கள். ஆனால் சனிக்கிழமைகளில் சைக்கிளிலும் காரிலும் பழைய ஆலயங்களைப் பார்க்கக் கிளம்பும் பழக்கம் அந்த நாட்டில் ஊறிப்போனது. நிக்கலஸ் பெவ்ஸ்னர் 1951 முதல் 1974 வரை மாவட்டம் மாவட்டமாகக் கொண்டுவந்த 46 கட்டடக் கையேடுகளும், சைமன் ஜென்கின்ஸ் 1999-இல் வெளியிட்ட ஆயிரம் ஆலயங்களின் நூலும் அந்தப் பழக்கத்தின் பிள்ளைகள். வழிபடுவோர் இல்லாமல் போன ஆலயங்களை ஏற்க 1957-இல் ஒரு தன்னார்வச் சங்கமும், 1969-இல் அரசும் திருச்சபையும் சேர்ந்து பணம் தரும் ஓர் அறக்கட்டளையும் தோன்றின. பின்னது இன்று 350-க்கும் மேற்பட்ட ஆலயங்களைப் பார்த்துக்கொள்கிறது. சிறு மதப் பிரிவுகளின் தொழுகைக் கூடங்களுக்கென்றே 1993-இல் தனி அறக்கட்டளை வந்தது.

ஒப்பிடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. அங்கே நம்பிக்கை வற்றியதால் கட்டடம் அனாதையானது. இங்கே நம்பிக்கை வற்றவில்லை, இடம் மாறியிருக்கிறது. கிராமத்துச் சிவனை விட்டுவிட்டு அண்ணாமலையாரிடம் போகிறார்கள். பக்தி குறைந்த நாட்டின் மருந்தை அப்படியே கொண்டுவந்தால் இங்கே செல்லாது. எனினும் அவர்கள் பட்டறிந்த சில பாடங்கள் நமக்கு நேரடியாக உதவும். அவற்றுக்குப் பிறகு வருகிறேன்.

இங்கே கோயிலுக்குப் பொறுப்பு யார் என்பதே சிக்கல். சீயமங்கலம், மாமண்டூர் போன்றவை மத்தியத் தொல்லியல் துறையின் கீழ். 1958-ஆம் ஆண்டுச் சட்டம். வேறு சில மாநிலத் தொல்லியல் துறையிடம். 1966-ஆம் ஆண்டுச் சட்டம். மிகப் பெரும்பான்மை இந்து சமய அறநிலையத் துறையிடம். 1959-ஆம் ஆண்டுச் சட்டம். அந்தத் துறையின் கீழ் 44,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றின் ஆண்டு வருமானம் பத்தாயிரம் ரூபாயைத் தொடாது. சமணக் கோயில்கள் சில குடும்பங்களின் கையிலும் மடங்களின் பொறுப்பிலும் இருக்கின்றன. ஆரணி, வந்தவாசிப் பக்கத்து நயினார் குடும்பங்களின் பிள்ளைகள் சென்னைக்குப் போய்விட, சாவி பெரியவர் ஒருவரிடம் தங்கிவிடுகிறது. எந்தத் துறையின் பதிவேட்டிலும் ஏறாத கோயில்களும் உண்டு.

துறை மாறினால் கோயில் பிழைக்கும் என்று நம்புகிறவர்கள் 2002-ஐ நினைத்துப் பார்க்கலாம். அண்ணாமலையார் கோயிலையே தேசியச் சின்னமாக்க மத்தியத் தொல்லியல் துறை முன்வந்தது. நகரமே எதிர்த்தது. வழிபாட்டு முறையில் தலையீடு வரும் என்ற அச்சம், கடைக்காரர்களின் கவலை, சட்டப் போராட்டம் எல்லாம் சேர்ந்து அந்த அறிவிப்பு பின்வாங்கப்பட்டது. பெரிய கோயிலுக்காகப் பேச ஊர் இருந்தது. அதே மாவட்டத்தின் சிறு கோயில் எந்தத் துறைக்குப் போனாலும் கேட்பதற்கு ஆளில்லை. தொல்லியல் துறை எடுத்துக்கொண்டால் நீலப் பலகையும் கம்பி வேலியும் வரும். அறநிலையத் துறையில் இருந்தால் ஒரு செயல் அலுவலர் பல கோயில்களுக்கு ஓடவேண்டியிருக்கும். இரண்டிலும் அன்றாடம் கதவைத் திறப்பது ஒரு தனி மனிதர்தான்: குருக்களோ பூசாரியோ வாட்ச்மேனோ.

அவருக்கு என்ன கிடைக்கிறது? வருமானமில்லாத கோயில்களுக்கு ‘ஒரு கால பூஜைத் திட்டம்’ என்று ஒன்று உண்டு. கோயில் பெயரில் ஒரு தொகையை வங்கியில் வைத்து, வட்டியிலிருந்து ஒரு வேளை பூஜை நடத்துவது. ஒரு லட்சமாக இருந்த வைப்புத் தொகை 2 லட்சமாக உயர்த்தப்பட்டபோது 12,959 கோயில்கள் அதில் இருந்தன. அர்ச்சகர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையும் வந்தது. வரவேற்க வேண்டிய திட்டம். ஆனால் கணக்குப் போட்டால் ஒரு குடும்பம் பிழைக்கிற தொகை அல்ல இது. ஆகவே குருக்கள் ஒருவரே நான்கைந்து ஊர்க் கோயில்களைப் பார்த்துக்கொள்கிறார். டூவீலரில் வந்து, விளக்கேற்றி, நைவேத்தியம் காட்டி, அரை மணியில் அடுத்த ஊருக்குப் போகிறார். பத்து மணிக்கு மேல் போகிறவருக்குப் பூட்டுதான் தரிசனம். குருக்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

பூட்டுவதற்கு இன்னொரு காரணம் சொல்வார்கள்: சிலைத் திருட்டு. நியாயமான பயம். ஆனால் பூட்டு திருட்டைத் தடுக்கிறதா? அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானை எடுத்துக்கொள்ளுங்கள். பூஜையின்றிப் பூட்டிக் கிடந்த சோழர் கோயிலிலிருந்து நடராசர் உள்ளிட்ட வெண்கலங்கள் 2006-இல் ஒவ்வொன்றாகப் போயின. திருடு போனது 2008-இல்தான் வெளியே தெரிந்தது. அதற்குள் நடராசர் கடல் தாண்டி, சுமார் 50 லட்சம் டாலருக்கு ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் வீற்றிருந்தார். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்துவைத்திருந்த புகைப்படம் அடையாளம் காட்ட, 2014 செப்டம்பரில் அவர் திரும்பினார். அந்தக் கோயில் பூட்டித்தான் இருந்தது. உள்ளே யாரும் போகாததால், போனது தெரியவில்லை. பூட்டு அங்கே திருடனுக்கு அவகாசம் கொடுத்தது.

இங்கிலாந்தின் ஆலயங்களுக்குக் காப்பீடு தருவதற்கென்றே 1887-இல் தொடங்கிய ஒரு நிறுவனம் இருக்கிறது. இழப்பீடு கொடுத்துக் கைசுட்ட நிறுவனம், ஆகவே உணர்ச்சிவசப்பட்டுப் பேசாது. பகலில் ஆலயத்தைத் திறந்து வையுங்கள் என்பதே அதன் அறிவுரை. ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் திருடன் தயங்குவான் என்பது அவர்கள் அனுபவம். விலைமதிப்புள்ள சிறு பொருள்களை மட்டும் வேறிடத்தில் பூட்டுகிறார்கள். நம்மிடமும் உலோகத் திருமேனிப் பாதுகாப்பு மையங்கள் இருக்கின்றன. உற்சவரைச் சிறையில் வைப்பதா என்ற வருத்தம் ஊர்களில் உண்டு. அது பொய்யான வருத்தமல்ல. ஆனால் உற்சவர் மையத்துக்குப் போய்விட்ட பிறகும் மண்டபத்தையும் கல்வெட்டையும் எதற்காகப் பூட்டவேண்டும்? கல்வெட்டை எவனும் பெயர்த்துக்கொண்டு போகப்போவதில்லை. என் தீர்ப்பு இது: கருவறையைப் பூட்டுங்கள், மண்டபத்தைத் திறந்து வையுங்கள்.

திருடனைவிடக் கோயிலுக்கு அதிகச் சேதம் செய்வது திருப்பணி. கசப்பான செய்திதான், ஆனால் மண்டபங்களைப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் என்பது மரபு. பன்னிரண்டு ஆண்டும் விமானத்தில் அரசங்கன்று வளரும், கூரையில் நீர் தேங்கும், தூம்பு அடைத்துக்கொள்ளும். யாரும் ஏறிப் பார்ப்பதில்லை. பிறகு உபயதாரர் கிடைத்ததும் எல்லாம் ஒரே மூச்சில் நடக்கிறது. கருங்கல் தளத்தின்மேல் டைல்ஸ், தூண்களுக்கு எனாமல் பெயின்ட், சுதை உருவங்களுக்குப் பத்து வண்ணம், கல்வெட்டுள்ள அதிட்டானத்தை மூடி சிமென்ட் பூச்சு. மணலை அழுத்தத்தில் பீய்ச்சிக் கல்லைச் ‘சுத்தம்’ செய்யும் முறையால் எழுத்துகளின் விளிம்பு மழுங்கிப்போன கோயில்கள் தமிழகம் முழுக்க இருக்கின்றன. உபயதாரரின் பெயர் மட்டும் புதிய கிரானைட்டில் பளிச்சென்று நிற்கும். 2017-இல் யுனெஸ்கோ குழு தமிழகக் கோயில்களைப் பார்வையிட்டுக் கடுமையாகவே எழுதியது. 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் கோயில்களையும் சின்னங்களையும் காக்க 75 வழிகாட்டுதல்களை வழங்கியது.

இங்கிலாந்தும் இதே தவறைச் செய்து தீர்த்த நாடுதான். விக்டோரியா காலத்தில் பக்திமான்களும் கட்டடக் கலைஞர்களும் சேர்ந்து, பழைய ஆலயங்களின் சுவர்ப் பூச்சைச் சுரண்டி, இடைக்காலத் தோற்றம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தாங்களே முடிவு செய்து புதிதாகக் கட்டினார்கள். வில்லியம் மோரிஸ் 1877-இல் அதை எதிர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். புதுப்பிக்காதே, பழுது பார்த்துக்கொண்டே இரு என்பதே அவர்களுடைய கொள்கை. இன்று அங்கே உள்ள இரண்டு நடைமுறைகளை நம்மவர்கள் கவனிக்கவேண்டும். ஒன்று, ஓர் ஆலயத்தில் ஏதாவது மாற்றம் செய்யவேண்டுமென்றால், பாதிரியாரோ பணக்காரரோ தம் விருப்பப்படி செய்துவிட முடியாது; மறைமாவட்ட அளவில் நிபுணர் குழுவின் கருத்தோடு அனுமதி வாங்கவேண்டும். இன்னொன்று 1955-இல் வந்த விதி: ஐந்தாண்டுக்கு ஒரு முறை தகுதியுள்ள கட்டடக் கலைஞர் ஆலயத்தைக் கூரை முதல் அடித்தளம் வரை பார்த்து அறிக்கை தரவேண்டும். அந்த அறிக்கைகளில் பெரும்பாலும் என்ன இருக்கும்? தூம்பை அடைத்த இலையை எடுங்கள், ஓட்டில் விரிசல், சுவரில் செடி. அவ்வளவுதான்.

அந்த ‘அவ்வளவுதான்’ இங்கே இல்லை. ஒரு கன்றைப் பிடுங்க ஐந்து நிமிடம் போதும். பன்னிரண்டு ஆண்டு விட்டால் அது வேரோடு கல்லைப் பிளக்கும். பிறகு பல லட்ச ரூபாய்த் திருப்பணி. ஆகமத்தில் சொன்ன பன்னிரண்டாண்டுச் சடங்கை யாரும் மாற்றச் சொல்லவில்லை. இடையில் இரண்டு முறை ஒரு பொறியாளரும் ஒரு கல்வெட்டறிஞரும் கோயிலைச் சுற்றி வந்து நான்கு பக்கம் எழுதிவைத்தால், சடங்கு வரும்போது செய்யவேண்டிய வேலை பாதியாகக் குறையும்.

இதற்குரிய மரபு நம்மிடமே இருக்கிறது. அப்பர் சுவாமிகள் கையில் உழவாரப்படையோடுதான் நிற்கிறார். பாடிய புலவர்களில் களைக்கொட்டு ஏந்தியவர் அவர் ஒருவரே. ஞாயிற்றுக்கிழமைகளில் வேன் பிடித்து, யாரும் போகாத ஊரின் கோயிலைச் செப்பனிடும் உழவாரப் பணிக் குழுக்கள் தமிழ்நாடெங்கும் இயங்குகின்றன. இங்கிலாந்தில் ‘ஆலய நண்பர்கள்’ செய்வதை இவர்கள் பெயரின்றிச் செய்கிறார்கள். குறை ஒன்று உண்டு, சொல்லித்தான் ஆகவேண்டும்: ஆர்வம் அதிகமாகி அமிலம் தெளித்துக் கல்லைத் தேய்ப்பது, பழைய ஓவியம் இருக்கிறது என்று தெரியாமல் சுண்ணாம்பு அடிப்பது. செடியை வெட்டுங்கள், தரையைப் பெருக்குங்கள், சுவரைத் தொடாதீர்கள் என்று ஒரு பக்கத் தாளில் தொல்லியல் துறை எழுதிக் கொடுத்தால் போதும்.

சாவியும் தூம்பும் தீர்ந்தாலும் ஒரு கதவு மீதமிருக்கும். 2023 ஜனவரி 30 அன்று தண்டராம்பட்டை ஒட்டிய தென்முடியனூரில், அறநிலையத் துறை மாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் போலீஸ் காவலோடு நுழைந்தார்கள். சுமார் 80 ஆண்டுகளாக அவர்கள் உள்ளே விடப்படவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் செல்லங்குப்பத்திலும் இதே காட்சி. ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-இல் வந்தது. 76 ஆண்டு கழித்தும் கலெக்டரும் எஸ்.பி.யும் நின்றுதான் ஒரு வாசல் திறந்தது.

சிறு கோயில்களைப் பற்றிப் பேசும் கட்டுரைகள் பலவும் இந்த இடத்தில் நாசூக்காக ஒதுங்கிவிடும். ஒதுங்கக் கூடாது. பெரிய கோயிலில் யாரும் யாரையும் கேட்பதில்லை; கூட்டமே ஒரு பாதுகாப்பு. கிராமத்தில் அப்படியல்ல. கோயில் வாசலில் வண்டியை நிறுத்தியதும், “எந்த ஊருங்க? குலதெய்வமா?” என்ற கேள்வி வரும். பாதி அன்பு, பாதி விசாரணை. அடுத்த கேள்வி “நீங்க யாரு?” என்பதாக இருந்தால், அதற்கு என்ன பொருள் என்று கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். கல்வெட்டு பார்க்க வந்த கல்லூரி மாணவன் ஒருவன் அந்தக் கேள்விக்கு அஞ்சித் திரும்பிப் போனால், கதவு திறந்திருந்து என்ன பயன்? புராதனம் எல்லோருக்கும் சொந்தம் என்று நீலப் பலகையில் எழுதுவதற்கு முன், உள்ளூர்க்காரர்கள் எல்லோருக்கும் அது திறந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

தகவல் பஞ்சம் மட்டும் நமக்கில்லை. பஞ்சம்போலத் தோன்றுவது விநியோகக் கோளாறு. பல்லவக் குடைவரைகளைப் பற்றி கே.ஆர். சீனிவாசன் எழுதிய நூலை மத்தியத் தொல்லியல் துறை 1964-லேயே வெளியிட்டது. அண்ணாமலையார் கோயிலின் கல்வெட்டையும் கட்டடத்தையும் விழாவையும் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பல தொகுதிகளாக ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் ஆங்கிலமும் பிரெஞ்சும், பெரும்பாலும் நூலகம். சீயமங்கலத்தில் பேருந்து இறங்குகிறவருக்கு அவற்றால் பயனில்லை. அவருக்கு வேண்டியது தமிழில் ஒரு பலகை: கோயில் யார் கட்டியது, எந்தத் தூணில் எதைப் பார்க்கவேண்டும், நடை எப்போது திறக்கும், சாவி யாரிடம். இன்றைய பலகைகளில் முதல் செய்தியாக இருப்பது, சின்னத்தைச் சேதப்படுத்தினால் கிடைக்கும் தண்டனை.

இங்கிலாந்தின் கிராமத்து ஆலயக் கதவில் ஒரு துண்டுச் சீட்டு தொங்கும். சாவி எந்த வீட்டில் என்று அதில் எழுதியிருக்கும். கோடி ரூபாய் சுற்றுலாத் திட்டம் எதுவும் தேவைப்படாத ஏற்பாடு அது. கிரிவலப் பாதைக்கு விளக்கும் கழிப்பறையும் கட்டும் நிர்வாகம், மாவட்டத்தின் நாற்பது ஐம்பது பழைய கோயில்களின் நடை நேரத்தையும் சாவி இருக்கும் இடத்தையும் ஒரே தாளில் அச்சிட்டுப் பேருந்து நிலையத்தில் ஒட்டலாம். சாவி வைத்திருப்பவருக்கு, குருக்களானாலும் பக்கத்து வீட்டு அம்மாவானாலும், கௌரவமாக ஒரு மாதத் தொகை கொடுக்கலாம். பிரதோஷ மாலைகளில் சிவன் கோயில்கள் எப்படியும் திறந்திருக்கும். மாதம் இரண்டு நாள் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கினால் போதும்.

அடுத்த பௌர்ணமிக்கு வருகிறவர்கள் ஊர் திரும்புவதை அரை நாள் தள்ளிப்போடுங்கள். காலையிலேயே கிளம்பினால் திருமலையையோ சீயமங்கலத்தையோ பார்த்துவிடலாம். உச்சி வேளைக்குப் பிறகு நடை சாத்தியிருக்கும். முதலில் டீக்கடையில் விசாரியுங்கள், சாவிக்காரர் அங்கேயே உட்கார்ந்திருக்கக்கூடும். உங்கள் கையில் எண்ணெய் பாட்டில் இருந்தால் பாதிச் சந்தேகம் தீரும். சுவரைத் தொடாதீர்கள், சிற்பத்தில் விபூதி பூசாதீர்கள், பெயர் எழுதாதீர்கள். உண்டியலில் போடுவதில் ஒரு பங்கைத் திறந்துவிட்டவர் தட்டில் போடுங்கள். கூரையில் அரசங்கன்று தெரிந்தால் அவரிடமே சொல்லிவிட்டு வாருங்கள். செயல் அலுவலருக்கு ஒரு கடிதமும் போடுங்கள்.